சொல் தெரியுமா, பொருள் தெரியுமா? நரோபா பல்கலைக்கழகம்: ஓர் அறிமுகம்

கல்லூரியில் எனக்கு இந்தியத் தத்துவம் துணைப்பாடம். பௌத்தம் என்றால் எண்வழிப் பாதை. எண்வழிப் பாதை என்றால் பத்து மதிப்பெண். நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை என்று எட்டையும் ஒரு மெட்டில் போட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். தேர்வுக்கு முந்தைய இரவு, மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் விடுதி அறைத்தோழனோடு தகராறு முற்றிக் கைகலப்பு வரை போனது. மறுநாள் காலை வீங்கிய உதட்டோடு உட்கார்ந்து, சினத்தை வெல்வது பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பத்துக்கு ஒன்பது கிடைத்தது. நற்கடைப்பிடியையும் நல்லமைதியையும் இடம் மாற்றி எழுதியதற்காகத்தான் அந்த ஒரு மதிப்பெண் போயிற்று.

இதில் கல்லூரியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எண்வழிப் பாதை என்றால் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். அந்தப் பாதையில் ஓர் அடியாவது நடந்திருக்கிறாயா என்று கேட்பது கல்லூரியின் வேலை அன்று என்றுதான் நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதையும் கேட்கலாம் என்று நினைத்த சிலர் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் போல்டர் நகரில், ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நரோபா நிலையம் என்று தொடங்கி, 1999 முதல் நரோபா பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்குவது அதுதான். அங்கே என்ன நடக்கிறது, அதன் அடிப்படைக் கருத்து என்ன என்பதை, பௌத்தத்தோடு பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பௌத்தம் சார்ந்த பல்கலைக்கழகம் என்றதும் துவராடையும் மழித்த தலையும் மனக்கண்ணில் வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். நரோபாவில் படிக்க வருபவர்கள் துறவிகள் அல்லர். உளவியல், மனநல ஆலோசனை, கவிதையும் எழுத்தும், சமய ஆய்வு, சுற்றுச்சூழல் என்று இளங்கலையும் முதுகலையும் படிக்க வரும் மாணவர்கள். பௌத்தராக இருந்தால்தான் சேரலாம் என்ற நிபந்தனை இல்லை. படித்து முடிக்கும்போது பௌத்தராகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. தன்னைப் பௌத்தப் பல்கலைக்கழகம் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. பௌத்தத்திலிருந்து ஊக்கம் பெற்றது, எந்தச் சமயப் பிரிவையும் சாராதது என்றுதான் சொல்கிறது. இந்தச் சொல்லாட்சி வெறும் நழுவலா, உண்மையான வேறுபாடா என்ற கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

மற்றப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் பௌத்தவியல் துறை போன்றதா என்றால், அதுவும் இல்லை. அத்துறைகளில் பாலியும் சமஸ்கிருதமும் திபெத்திய மொழியும் கற்று, சுவடிகளை ஒப்பிட்டு, எந்த வரி எந்த நூற்றாண்டில் நுழைந்தது என்று கண்டுபிடிப்பார்கள். ஆய்வாளர் தியானம் செய்கிறாரா என்பது அவருடைய சொந்த விஷயம். பூச்சியியல் படிப்பவர் பூச்சியாக மாற வேண்டியதில்லை என்பது அவர்கள் தரப்பு. நியாயமான தரப்புதான். இன்னொரு பக்கம், 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிவைத்த மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி இருக்கிறது. அதிலிருந்து கிளைத்த தியான வகுப்புகள் இன்று மருத்துவமனைகளிலும் கணினி நிறுவனங்களிலும் நடக்கின்றன. அங்கே தியானம் ஒரு மருந்து. தலைவலி போனால் போதும். நரோபாவின் நோக்கம் இதுவும் அன்று.

அப்படியானால் வேறு எது?

பௌத்த மரபு அறிவை மூன்றாகப் பிரிக்கிறது. கேட்டுப் பெறுவது, எண்ணிப் பெறுவது, பழகிப் பெறுவது. பாலியில் சுதமயம், சிந்தாமயம், பாவனாமயம் என்பார்கள். என் மின்விசிறிச் சண்டையையே எடுத்துக்கொள்வோம். பிடிக்காத உணர்வு ஒன்று எழுகிறது, அதை எதிர்த்து மனம் தள்ளுகிறது, அந்தத் தள்ளலே சினம் என்று ஆசிரியர் சொல்லக் கேட்பது முதலாவது. அது சரிதானா, பிடித்த ஒன்று கிடைக்காதபோதும் சினம் வருகிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று வாதாடிப் பார்ப்பது இரண்டாவது. அடுத்த முறை சினம் வரும்போது, வரும் அந்த நேரத்திலேயே அதைப் பார்ப்பது மூன்றாவது. முதலில் மார்பு இறுகுகிறது, முகம் சூடாகிறது, 'இவன் எப்போதும் இப்படித்தான்' என்ற கதை ஒரு நொடி தாமதமாகத்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த வரிசையை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். ஆனால் படித்தவனுக்கும் பார்த்தவனுக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிகள் சொன்னது அந்தத் தூரத்தைத்தான்.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதாக இருக்காது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று அங்கே நான்கு படி. வேதாந்திகளும் கேட்டல், சிந்தித்தல், ஆழ்ந்திருத்தல் என்று மூன்றைச் சொல்வார்கள். இந்த மண்ணின் மரபுகள் ஒன்றோடொன்று எவ்வளவு சண்டை போட்டாலும், கேட்டதோடும் வாதாடியதோடும் கல்வி முடிந்துவிடாது என்பதில் ஒத்துப்போகின்றன.

இன்றைய பல்கலைக்கழகம் முதல் இரண்டையும் வேறெந்தக் காலத்தையும்விட நன்றாகச் செய்கிறது. மூன்றாவதை வீட்டுக்கோ கோவிலுக்கோ விட்டுவிட்டது. விட்டதற்குக் காரணமும் இருக்கிறது: ஒருவர் தனக்குள் கண்டதாகச் சொல்வதை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது? மூன்றையும் ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர முடியுமா என்ற சோதனைக்குத்தான் நரோபா இறங்கியது. இந்த முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கான்டெம்ப்ளேட்டிவ் எஜுகேஷன்' என்ற பெயரை அகராதி பார்த்துச் 'சிந்தனைக் கல்வி' என்று தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். சிந்தனை ஓடுவதைப் பார்ப்பதுதான் இங்கே பாடம், ஓட்டுவது அன்று. நான் அகநோக்குக் கல்வி என்று சொல்லிக்கொள்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

பெயர்க்காரணத்தைச் சொன்னால் கருத்து இன்னும் தெளிவாகும். நரோபா 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர். நாளந்தா மகாவிகாரையின் வாயிற்பண்டிதர்களில் ஒருவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. விக்ரமசீலம் என்ற இன்னொரு மகாவிகாரையோடு இணைத்துச் சொல்பவர்களும் உண்டு. வாயிற்பண்டிதர் என்றால் காவல்காரர் என்று நினைக்க வேண்டாம். சேர வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி வாதத்துக்கு இழுத்து, தேறியவர்களை மட்டும் உள்ளே விடும் அறிஞர்கள் அவர்கள். 7ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் படித்த சீனப் பயணி யுவான் சுவாங், வந்தவர்களில் பெரும்பாலோர் வாசலோடு திரும்பியதாக எழுதியிருக்கிறார். நமக்கு நெருக்கமான இன்னொரு செய்தியும் அவர் குறிப்பில் இருக்கிறது: அவருடைய ஆசிரியர் சீலபத்திரர், சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர், அந்தத் தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர். நாளந்தாவின் தலைமை ஆசிரியர்களில் ஒருவர் நம் ஊரிலிருந்து போனவர்.

நரோபாவுக்கு வருவோம். ஒரு நாள் அவர் புத்தகத்தில் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் நிழல் விழுகிறது. நிமிர்ந்தால் அருவருக்கத்தக்க தோற்றத்தில் ஒரு கிழவி.

"என்ன படிக்கிறாய்?"

"தர்ம நூல்கள்."

"சொல் புரிகிறதா, பொருள் புரிகிறதா?"

"சொல் புரிகிறது."

கிழவிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கோலை ஊன்றிக் குதித்து ஆடுகிறாள். இவ்வளவு மகிழ்கிறாளே, இன்னும் கொஞ்சம் மகிழட்டும் என்று, "பொருளும் புரிகிறது" என்கிறார் நரோபா. கிழவி உட்கார்ந்து அழத் தொடங்குகிறாள். ஏன் அழுகிறாய் என்றால், "சொல் புரிகிறது என்றாய், அது உண்மை, மகிழ்ந்தேன். பொருள் புரிகிறது என்றாய், அது பொய்." அப்படியானால் பொருள் தெரிந்தவர் யார் என்று கேட்க, தன் சகோதரன் திலோபாவைக் கை காட்டுகிறாள். நரோபா பதவியை உதறிவிட்டுத் திலோபாவைத் தேடிப் போய், பட்ட பாடுகள் பெரியவை பன்னிரண்டு, சிறியவை பன்னிரண்டு என்று கணக்கு. அவருடைய மாணவர் மார்பா திபெத்திலிருந்து வந்து கற்றுக்கொண்டு போனார். மார்பாவின் மாணவர் மிலரேபா. திபெத்தின் காக்யு மரபு இந்த வரிசையில் வருவது.

கதையில் எனக்குப் பிடித்தது, கிழவி சொல்லைப் பழிக்கவில்லை என்பது. சொல் தெரியும் என்றபோது அவள் ஆடினாள். படிப்பே வீண், அனுபவம்தான் எல்லாம் என்று கைவீசிப் பேசுபவர்கள் இந்த ஆட்டத்தை மறந்துவிட்டு அழுகையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னதற்குத்தான் அவள் அழுதாள்.

நிறுவனத்தைத் தொடங்கியவர் சோக்யம் துருங்பா. கிழக்குத் திபெத்தில், குழந்தைப் பருவத்திலேயே சுர்மாங் மடங்களின் மறுபிறவித் தலைவராக அடையாளம் காணப்பட்டு வளர்க்கப்பட்டவர். சீன ஆட்சியிலிருந்து தப்பி 1959இல் புறப்பட்டு, மாதக்கணக்கில் மலைகளைக் கடந்து, 1960 ஜனவரியில் இந்தியா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. 1963இல் ஆக்ஸ்போர்டுக்குப் போய் மேலைத் தத்துவமும் சமயமும் படித்தார். ஜப்பானிய மலரமைப்புக் கலையும் கற்றுக்கொண்டார். 1967இல் ஸ்காட்லாந்தில் சாம்யே லிங் மடத்தை அகோங் ரின்போசேயுடன் சேர்ந்து நிறுவினார். 1969இல் ஒரு கார் விபத்து. உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. அதன் பிறகு துறவாடையைக் களைந்து, திருமணம் செய்துகொண்டு, 1970இல் வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டு நியூயார்க் தெருவில், உடல்நிலை சரியில்லாத தன் தந்தையை ஏற்றிப்போகக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் ஒரு டாக்ஸியைப் பறித்துக்கொண்டார். பறிகொடுத்தவர் துருங்பா. நரோபாவின் கவிதைத் துறை ஒருவகையில் அந்த டாக்ஸியில் கருக்கொண்டது என்று சொல்லலாம். கின்ஸ்பெர்க் ஏற்கெனவே 1962-63இல் காசியிலும் கல்கத்தாவிலும் அலைந்து திரிந்து, குருவைத் தேடி அலுத்துத் திரும்பியிருந்தவர்.

1974 கோடைக்காலத்தில் முதல் வகுப்புகளுக்கு அழைப்பு விட்டபோது சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். 1,500 பேருக்கும் மேல் வந்து குவிந்தார்கள். ஒரு நாள் மாலை துருங்பா பேசுவார். மறுநாள் மாலை, ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்து இந்தியாவில் நீம் கரோலி பாபாவின் சீடராகித் திரும்பிய ராம் தாஸ் பகவத்கீதை பற்றிப் பேசுவார். ஒருவர் பக்தி, மற்றவர் அந்தப் பக்தியின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுபவர். மானுடவியலாளர் கிரெகரி பேட்சன், இசையமைப்பாளர் ஜான் கேஜ், கவிஞர்கள் ஆன் வால்ட்மன், டையான் டி பிரீமா என்று கூட்டம் ஒன்று கூடியது. கின்ஸ்பெர்க்கும் வால்ட்மனும் அந்தக் கோடையிலேயே ஒரு கவிதைப் பள்ளியைத் தொடங்கி, 'ஜாக் கெருவாக் உடலற்ற கவிதையியல் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க நாவலாசிரியரான கெருவாக் 1969லேயே இறந்துவிட்டார் என்பது அந்தப் பெயரில் இருக்கும் குறும்பு. பட்டம் வழங்கும் தகுதிக்கான அங்கீகாரம் 1980களின் பிற்பகுதியில்தான் கிடைத்தது. நம் யுஜிசி போல ஒரே அரசு அமைப்பு அமெரிக்காவில் இல்லை. வட்டாரத் தர அமைப்புகள் நூலகம், ஆசிரியர் தகுதி, நிதிநிலை எல்லாவற்றையும் துருவிப் பார்த்து அங்கீகாரம் தரும். தியானம் செய்கிறோம் என்று சொல்லி அவர்களிடம் தப்ப முடியாது.

இனி வகுப்பறைக்குள் போகலாம்.

வகுப்பு தொடங்கும்போது ஆசிரியரும் மாணவரும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கணம் அமைதியாக இருந்து, ஒருவருக்கொருவர் தலைதாழ்த்தி வணங்குகிறார்கள். முடியும்போதும் அப்படியே. இது வழிபாடு இல்லை. படத்துக்கோ சிலைக்கோ இல்லை. இதுவரை அரட்டை, இனிமேல் பாடம் என்று கோடு கிழிப்பதுதான் அது. நம் ஊரில் நாட்டிய வகுப்புக்குமுன் தரையைத் தொட்டுக் கும்பிடுவது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் தியானம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. துருங்பா கற்றுக்கொடுத்த முறையில் கண்ணை மூடுவதில்லை. தியானம் என்றால் விழிமூடி உலகை மறப்பது என்று பழகிய நமக்கு இது விநோதமாகத் தோன்றும். பார்வையைச் சற்றுக் கீழே, சில அடி தள்ளித் தரையில் தளர்வாக விட்டு, வெளியே போகும் மூச்சில் கவனத்தை இலேசாக வைக்கிறார்கள். மூச்சைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. நினைவு எங்காவது ஓடிவிட்டது என்று தெரிந்ததும், 'எண்ணம்' என்று மனத்துக்குள் ஒரு பெயரிட்டு மூச்சுக்குத் திரும்புவது. அவ்வளவுதான். கடன்காரனைப் பற்றிய நினைவும் கடவுளைப் பற்றிய நினைவும் இங்கே ஒன்றே. இரண்டுக்கும் பெயர் 'எண்ணம்'. எண்ணத்தை அடக்க வேண்டாம், வெல்ல வேண்டாம். திரும்பி வருவதுதான் பயிற்சி.

இது மனநல ஆலோசகருக்கு எதற்கு? எதிரே இருப்பவர் அழுதுகொண்டே பேசி, திடீரென்று நிறுத்துகிறார். அறையில் மௌனம். கேட்டுக்கொண்டிருப்பவருக்குள் ஒரு துடிப்பு எழும்: எதையாவது சொல்லி இந்த மௌனத்தை நிரப்பிவிட வேண்டும், ஓர் அறிவுரையோ ஆறுதலோ. அந்தத் துடிப்பு நோயாளியின் நன்மைக்காக எழுந்ததா, தன் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ள எழுந்ததா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அதைக் கண்டுகொள்ளாத ஆலோசகர் எத்தனை கோட்பாடு படித்திருந்தாலும் குறுக்கே பேசிவிடுவார். ஆயிரம் முறை 'எண்ணம்' என்று சொல்லித் திரும்பியவருக்கு அந்தத் துடிப்பு எழுவது தெரியும்; தெரிந்தால் இரண்டு நொடி பொறுக்க முடியும். மனநல மருத்துவர் எட்வர்ட் பொட்வல் போன்றோர் வடிவமைத்த உளச்சிகிச்சைப் படிப்பு இந்த நம்பிக்கையின்மேல் எழுந்தது. நரோபாவின் பங்களிப்புகளில் உறுதியானது இதுவே என்பது என் கருத்து. கவிதைப் பள்ளிக்குத்தான் புகழ் அதிகம்.

அந்தப் படிப்போடு சேர்ந்த 'மைத்ரி' அறைகளைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐந்து அறைகள், நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை என்று ஒவ்வொன்றும் முழுக்க ஒரே நிறம். சன்னல்களின் இடமும் வெளிச்சமும் வேறு வேறு. ஒவ்வோர் அறைக்கும் தனி இருக்கை நிலை அல்லது படுக்கை நிலை. அந்த நிலையில் குறிப்பிட்ட நேரம் அசையாமல் இருந்து, தனக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னணியில் இருப்பது திபெத்தியத் தாந்திரிகத்தின் ஐந்து புத்தகுலக் கோட்பாடு. மனித மனத்தின் ஆற்றல் ஐந்து விதம். ஒவ்வொன்றுக்கும் குழம்பிய முகம் ஒன்று, தெளிந்த முகம் ஒன்று. நீலத்தின் குழம்பிய முகம் சினம், தெளிந்த முகம் கூர்மை. மஞ்சளில் செருக்கும் நிறைவும். சிவப்பில் பற்றும் பரிவும். பச்சையில் பொறாமையும் செயலூக்கமும். வெள்ளையில் மந்தமும் விரிவும்.

சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தால், கோட்பாட்டின் உள்ளே இருப்பது நல்ல உளவியல். சினம் மிக்க ஒருவரிடம் 'சினத்தை விடு' என்று சொன்னால், கூர்மையையும் சேர்த்து விடச் சொன்னதாகிவிடும். விட வேண்டியது ஆற்றலை அன்று, குழப்பத்தை. நிற அறை உண்மையிலேயே அந்த ஆற்றலைத் தூண்டுகிறதா, அல்லது தூண்டும் என்று சொல்லி அனுப்பியதால் அப்படித் தோன்றுகிறதா என்று சந்தேகிப்பவர்களின் பக்கம்தான் நான் இருக்கிறேன். ஆனால் ஒரே மஞ்சள் அறையில் ஒருவர் குளிர்காய்வது போல் இருக்க, மற்றவர் மூச்சுமுட்டி வெளியே வர, இருவரும் பிறகு உட்கார்ந்து பேசினால், 'என் மனநிலை' என்று ஒன்று இருப்பது முதல் முறையாகக் கண்ணில் படும். அதற்கு நிறத்தின் மந்திரம் தேவையில்லை.

கவிதை வகுப்பில் இதே கருத்து வேறு உருவம் எடுத்தது. முதல் எண்ணமே சிறந்த எண்ணம் என்பது துருங்பாவும் கின்ஸ்பெர்க்கும் பரப்பிய வாசகம். மனத்தில் முதலில் தோன்றுவதை, தணிக்கை செய்யும் இரண்டாம் எண்ணம் வந்து மெழுகுவதற்கு முன் பிடித்துக்கொள் என்பது அதன் பொருள். இதைத் திருத்தாமல் எழுதுவதற்கான உரிமமாக எடுத்துக்கொண்டு எழுதித் தள்ளியவர்கள் ஏராளம். கின்ஸ்பெர்க்கோ தன் பெயர்பெற்ற கவிதைகளைப் பல படிகள் திருத்தியவர். இவை தவிர தாய்ச்சி, அய்கிடோ, யோகம், எழுத்தோவியம், மலரமைப்பு என்று உடலையும் கையையும் பழக்கும் வகுப்புகள் உண்டு. பருவத்துக்கு ஒரு நாள் வழக்கமான வகுப்புகளை நிறுத்திவிட்டு, ஆசிரியர், மாணவர், அலுவலகப் பணியாளர் எல்லோரும் சேர்ந்து அமரும் பயிற்சி நாளும் உண்டு.

சரி, இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? தியானத்தில் உன் மனம் எவ்வளவு அமைதியானது என்று கேட்டு மதிப்பெண் போட்டால், அடுத்த நாளே எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். மதிப்பிடக்கூடியது வேறு: வாசித்ததை எழுதும் கட்டுரை, வாதத்தின் உறுதி, தன் அனுபவத்தைப் பிறர் கேள்வி கேட்கும்படி துல்லியமாக விவரிக்கும் திறன். சில வகுப்புகளில் 'வீரர் தேர்வு' என்ற ஒன்று நடப்பதுண்டு. எல்லோர் முன்னிலையிலும் வந்து வணங்கி, சீட்டுக் குலுக்கி ஒரு கேள்வியை எடுத்து, அந்த இடத்திலேயே வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும். பாடமும் தெரிந்திருக்க வேண்டும். நா உலரும்போது என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நாளந்தாவின் வாசல் கொலராடோவில் மறுபடி திறந்தது போல.

இப்போது கடினமான பகுதி. துருங்பா அளவு மீறிக் குடித்தவர். மாணவிகள் பலரோடு உறவு வைத்திருந்தவர். இரண்டையும் மறைத்ததும் இல்லை. 1987இல், ஐம்பது வயதைத் தொடுமுன்பே, குடி கெடுத்த உடலோடு இறந்தார். 1975 இலையுதிர்காலத்தில் கொலராடோவின் ஸ்னோமாஸில் அவர் நடத்திய மூன்று மாதப் பயிற்சி முகாமில், ஒரு விருந்தின்போது, வர மறுத்து அறைக்குள் இருந்த ஒரு கவிஞரையும் அவருடைய தோழியையும் துருங்பாவின் உத்தரவின் பேரில் காவலர்கள் இழுத்து வந்து, எல்லோர் முன்னிலையிலும் வலுக்கட்டாயமாக ஆடை களைந்தார்கள். 'பித்தர் ஞானம்' என்ற திபெத்திய மரபைக் காட்டி இதை நியாயப்படுத்தியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்த நியாயம் ஏற்புடையதாக இல்லை. குருவிடம் முழுமையாக ஒப்படைத்தல் என்ற தாந்திரிக மரபு, ஆசிரியரைக் கேள்வி கேட்பதையே உயிராகக் கொண்ட பல்கலைக்கழகத்தோடு ஒரே கூரையின்கீழ் வாழ முடியுமா என்ற கேள்வி, கோட்பாட்டுக் கேள்வியாக இல்லாமல் இப்படிச் சதையும் எலும்புமாக வந்து நின்றது.

ஆனால் அதன் பின்கதையையும் சொல்ல வேண்டும். 1977 கோடையில் கவிஞர் எட் சாண்டர்ஸ் நரோபாவில் புலனாய்வுக் கவிதை பற்றிய வகுப்பு நடத்தினார். எதைப் புலனாய்வு செய்வது என்று மாணவர்களைக் கேட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்தது அந்த விருந்து இரவை. இருந்தவர்களைத் தேடிப் பேட்டி கண்டு, முரண்பாடுகளை ஒப்பிட்டு, அறிக்கையாக எழுதிவைத்தார்கள். நிறுவனரின் மிக மோசமான இரவைப் பற்றி விரிவாக விசாரித்தவர்கள் அவருடைய நிறுவனத்தின் மாணவர்களே. முன்பு எழுப்பிய கேள்விக்கு, அதாவது பௌத்தத்திலிருந்து ஊக்கம் பெற்றது என்ற சொல் வெறும் நழுவலா என்பதற்கு, எனக்குக் கிடைத்த விடை இதில்தான் இருக்கிறது. ஒரு மடத்தில் அந்த வகுப்பு நடந்திருக்காது.

தியானம் எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்ற எண்ணத்தையும் இப்போது ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். பிரௌன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டனும் அவருடைய குழுவினரும், தீவிரப் பயிற்சியில் அச்சம், தூக்கமின்மை, தன்னைவிட்டுத் தான் விலகிவிட்டது போன்ற உணர்வு ஆகியவற்றுக்கு ஆளானவர்களைப் பற்றி 2017இல் விரிவாக வெளியிட்டார்கள். தியானத்தைப் பாடமாக வைக்கும் எந்த நிறுவனமும் இதைப் பாடத்தில் சேர்க்காமல் இருக்க முடியாது. மறுபக்கம், நரோபாவின் கோடைக்கால அறிவியல் வகுப்புகளில் 1970களின் இறுதியில் பாடம் நடத்திய சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா, உள்ளே பார்த்து எழுதும் குறிப்புகளையும் மூளை அறிவியலின் அளவீடுகளையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடும் ஆய்வுமுறைக்கு அடித்தளம் போட்டார். 1987இல் தர்மசாலாவில் தலாய் லாமாவோடு அறிவியலாளர்கள் நடத்திய முதல் உரையாடலுக்குக் காரணமானவர்களில் அவரும் ஒருவர்.

நரோபா ஒன்றுதான் இப்படி என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியாவில் மட்டுமே தைவானின் போ குவாங் ஷான் மடம் நிறுவிய வெஸ்ட் பல்கலைக்கழகம், சீனத் துறவி சுவான் ஹுவா நிறுவிய தர்ம வெளிப் பௌத்தப் பல்கலைக்கழகம், ஜப்பானின் சோகா கக்காய் இயக்கத்தின் சோகா பல்கலைக்கழகம் என்று மூன்று இருக்கின்றன. சோகாவில் எந்தச் சமயச் சார்பும் இல்லாத பொதுக் கல்விதான். தர்ம வெளியிலோ மாணவர்கள் மடத்தின் ஒழுங்குக்குள்ளேயே வாழ்கிறார்கள். பௌத்தத்திலிருந்து ஊக்கம் பெற்றது என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது.

நரோபாவை உள்ளிருந்து கேட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. அங்கே நடந்த கவிதை வாசிப்புகள், வகுப்புகள் பலவற்றின் ஒலிப்பதிவுகளை இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கேட்கலாம். இருமல், நாற்காலி நகரும் ஓசை எல்லாம் இருக்கும். நான் 1974 ஆகஸ்டில் ஜான் கேஜ் வாசித்த இரவிலிருந்து தொடங்கச் சொல்வேன். அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் நாட்குறிப்புகளைச் சிதைத்து, வாக்கியம் போய், சொல் போய், எழுத்துகளின் ஒலிகள் மட்டும் மிஞ்சிய ஒரு படைப்பை, நீண்ட நீண்ட மௌனங்களோடு அவர் வாசித்தார். மௌனத்தைக் கற்றுக்கொள்ள நாடெங்கிலுமிருந்து வந்து தங்கியிருந்த கூட்டம் அது. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு ஒருவர் சீழ்க்கையடித்தார், ஒருவர் பறவை போல் கூவினார், யாரோ கித்தாரை மீட்டினார்கள், கூச்சல் எழுந்தது. கேஜ் நிறுத்தவில்லை. அடுத்த ஒலி வரவேண்டிய நேரம் வரும்வரை காத்திருந்து, அடுத்த ஒலியை வாசித்தார்.